இழந்தது எதுவென்று விசாரித்தவர்

துக்கம் நேர்ந்த வீட்டுக்குச் சென்று வருவதைத் தமிழில் துக்கம் விசாரித்தல் என்கிறோம். ஆறுதல் சொல்வது வேறு, விசாரிப்பது வேறு. ஆறுதலில் பேசுபவர் வந்தவர். விசாரிப்பில் பேசுபவர் இழந்தவர். என்ன நேர்ந்தது, இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்பதும், சொல்வதை இடைமறிக்காமல் கேட்டிருப்பதுமே அச்சொல்லின் பொருள். துயருற்றோருக்கான மனநல ஆலோசனையைப் பாடமாகப் பயில்வோர் இன்று முதலில் கற்பதும் இதைத்தான். சொல் நம் வழக்கில் அப்படியே இருக்கிறது. பொருள்தான் தேய்ந்து வருகிறது.

அச்சொல்லின் பொருளைத் தம் வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்ட ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். சகோதரி சுப்புலட்சுமி என்று நாடு அறிந்த ஆர்.எஸ். சுப்புலட்சுமி அம்மாள். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண், கல்விக்கூடங்கள் பலவற்றின் நிறுவனர், பத்மஸ்ரீ விருது பெற்றவர் என்றெல்லாம் அவரைப் பற்றிப் படித்திருக்கிறோம். துயரத்தைப் புரிந்துகொண்டவர், துயருற்றோருக்குத் துணை நிற்பது எப்படி என்று அறிந்தவர் என்ற கோணத்தில் அவரை நாம் அதிகம் பார்த்ததில்லை. அந்தக் கோணத்தில் பார்க்க வேண்டிய தேவை இப்போது வந்திருப்பதாகக் கருதுகிறேன்.

1886ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று மயிலாப்பூரில் சுப்புலட்சுமி பிறந்தார். பூர்விகம் தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். தந்தை சுப்பிரமணிய ஐயர், தாய் விசாலாட்சி. ஒன்பது வயதில், செங்கற்பட்டு மாவட்ட அளவில் நடந்த நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வில் சிறுமி முதலிடம் பெற்றார். நான் வசிக்கும் அம்பத்தூரும், அண்டையிலுள்ள ஆவடியும் பூவிருந்தவல்லியும் அந்நாளில் அந்த மாவட்டத்து ஊர்கள்தாம். பெண் குழந்தைகள் பள்ளிப் படியேறுவதே அரிதாயிருந்த காலத்தில், ஒரு மாவட்டமே திரும்பிப் பார்த்திருக்க வேண்டிய வெற்றி அது.

ஆனால், அடுத்து நடந்தது அக்குல வழக்கப்படியே நடந்தது. பதினோரு வயதில் திருமணம். சில காலத்திலேயே கணவர் இறந்தார். அவரோடு ஒருநாள்கூடக் குடும்பம் நடத்தியிராத குழந்தை, கைம்பெண் ஆனாள்.

அந்தக் குழந்தை எதை இழந்தாள் என்பதே இங்கு நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஊரார் கணக்கில் அவள் இழந்தது கணவனை. ஆனால், முகம்கூட மனத்தில் பதிந்திராத ஒருவரின் மறைவு அவளுக்கு எந்த அளவு துயரமாக இருந்திருக்க முடியும்? அவள் உண்மையில் இழந்தவை வேறு. வண்ணச் சேலை, நகை, பூ, விழாவில் முன்வரிசை, விளையாட்டுத் தோழியர், பள்ளிக்கூடம். பருவம் எய்தியதும் தலைமுடியும் போகும். ஒருவேளை உணவும், சமையலறை வேலையும், சுப காரியங்களில் எதிரே வரக்கூடாதென்ற விலக்கும் ஆயுள் முழுவதும் காத்திருக்கும். சுருக்கமாகச் சொன்னால், அவள் இழந்தது தன் எதிர்காலத்தை. இதில் மரணம் பறித்தது கொஞ்சம். மரணத்தின் பெயரால் சமூகம் பறித்தது அதிகம்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் வெளியிட்ட நூலில், சமூகம் துயரமென்றே ஒப்புக்கொள்ளாத துயரங்களைப் பற்றி விரிவாக எழுதினார். கருவிலேயே குழந்தையை இழந்த தாய், வெளியில் சொல்ல முடியாத உறவைப் பறிகொடுத்தவர் போன்றோரின் துயரம் அவ்வகை. நம் குழந்தைக் கைம்பெண்களின் துயரமும் அதைச் சேர்ந்ததே. கணவனுக்காக அழும்படி அவர்களைப் பணித்த சமூகம், அவர்கள் தமக்காக அழுவதை அனுமதிக்கவில்லை.

சுப்புலட்சுமியின் வீட்டில் அந்த அனுமதி கிடைத்தது. பெற்றோர் மகளின் தலையை மழிக்க இணங்கவில்லை. தந்தை வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். ஆதரவாக நின்ற மற்றொருவர் தாயின் தங்கை வாலாம்பாள். அவரும் இளமையிலேயே கணவரை இழந்து அக்காளின் வீட்டோடு வந்து சேர்ந்தவர். சித்தி என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட அவர், பின்னாளில் சுப்புலட்சுமியின் பணிகள் அனைத்திலும் உடனிருந்தார். தனக்கு நேர்ந்ததே தன் கண்முன் வளரும் குழந்தைக்கும் நேர்ந்ததைக் கண்ட பெண் அவர். அந்தக் குழந்தையின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கைம்பெண்ணைத் தேற்ற இன்னொரு கைம்பெண்ணே தக்க துணை என்ற பாடத்தைச் சுப்புலட்சுமி வீட்டுக்குள்ளேயே கற்றிருக்கிறார் என்று கருதுவது தவறாகாது.

இந்தப் பாடத்தை மேலைநாட்டு உளவியல் துறை முறைப்படி ஏற்றது பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான். 1960களின் பிற்பகுதியில் பாஸ்டன் நகரில் ஃபிலிஸ் சில்வர்மன் என்ற சமூகப் பணியாளர், கணவரை இழந்து ஓரளவு மீண்ட பெண்களைக் கொண்டே, புதிதாக இழந்த பெண்களைச் சந்திக்கச் செய்யும் திட்டத்தைத் தொடங்கினார். மருத்துவரைவிட, அதே வழியில் முன்னே நடந்து சென்றவரின் சொல்லுக்குத் துயருற்றோர் செவி சாய்க்கிறார்கள் என்பது அவர் கண்டது. எழும்பூரில் அது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே நடைமுறையில் இருந்தது.

கன்னியர் நடத்திய பள்ளியில் படிப்பை முடித்த சுப்புலட்சுமி, மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். கைம்பெண் ஒருத்தி ஆண்கள் பயிலும் கல்லூரிக்கு நாள்தோறும் போய்வருவதை ஊர் எளிதில் பொறுத்துக்கொள்ளவில்லை. ஏச்சும் ஏளனமும் குடும்பத்தைத் தொடர்ந்தன. 1911 ஏப்ரலில் அவர் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். அப்போது வயது இருபத்துநான்கு.

அத்துடன் அவர் நின்றிருந்தால், தன் துயரத்தை வென்ற தனிமனிதர் என்ற அளவில் வரலாறு அவரை நினைத்திருக்கும். அடுத்த ஆண்டே அவர் மற்றவர்களின் துயரத்தை நோக்கித் திரும்பினார். 1912இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். எழும்பூரில் தந்தையின் வீட்டிலேயே நான்கு இளம் கைம்பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவர்களைப் படிக்க வைத்தார். சித்தி அவர்களுக்குச் சமைத்துப்போட்டுத் தாயாக இருந்தார். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அரசின் உதவியைப் பெற்றுத் தர முன்நின்றார். பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்கவில்லை என்பது அரசின் கவலை. வீட்டு மூலையில் முடங்கிக் கிடக்கும் பெண்களுக்கு வாழ்வில்லை என்பது சுப்புலட்சுமியின் கவலை. இரண்டு கவலைகளுக்கும் ஒரே விடை இருப்பதை இருவரும் கண்டுகொண்டனர்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். கைம்பெண்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் அவருக்கு முன்பே பலர் உண்டு. கைம்பெண் மறுமணத்துக்கு 1856ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. ராஜமகேந்திரபுரத்தில் கந்துகூரி வீரேசலிங்கம் 1881இல் மறுமணம் நடத்தி வைத்தார். பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் சாரதா சதனத்தையும், கார்வே 1896இல் புணேயில் கைம்பெண்கள் இல்லத்தையும் தொடங்கினார்கள். சென்னையில் சுப்புலட்சுமி தேர்ந்த வழி, இழந்த பெண்ணின் கையில் முதலில் ஒரு தொழிலைக் கொடுப்பது. மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியைக்கு வீட்டில் குரல் உண்டு. தன் உணவை, உடையை, இருப்பிடத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை மெல்ல மெல்ல அவளைத் தேடி வரும். கண்ணீரைத் துடைப்பதும் கைக்கு வருமானம் வரச் செய்வதும் வெவ்வேறு துறைகளின் வேலை என்று அவர் கருதவில்லை.

இல்லத்தில் சேர வந்தவர்கள் பெருகவே, பெரிய இடம் வேண்டியிருந்தது. கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் என்ற பழைய கட்டடம் இருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைப் பாதுகாக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது அது. பின்னர் பிலிகிரி ஐயங்காரின் இல்லமாயிற்று. 1897இல் மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர் தங்கியதும் அங்குதான். 1917இல் அரசு அதை வாங்கி, கைம்பெண்கள் இல்லத்துக்கு அளித்தது. கைம்பெண்களின் நிழலைக்கூட அமங்கலமாகக் கண்ட ஊரில், நகரத்தின் கண்ணுக்கு நேரெதிரே, கடலைப் பார்த்த மாளிகையில் அவர்கள் குடியேறினார்கள். ஒளித்து வைக்கப்பட்ட துயரத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததே பாதி மருந்து என்பேன்.

அதே 1917ஆம் ஆண்டில் வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டு, துயரத்தையும் மனச்சோர்வையும் ஒப்பிடும் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். துயரம் நோயல்ல; இழந்ததிலிருந்து மனம் தன்னைச் சிறிது சிறிதாக மீட்டுக்கொள்ளும் ஓர் உழைப்பு என்பது அதன் சாரம். நவீன உளவியலில் துயரம் பற்றிய சிந்தனைக்கு அது தோற்றுவாய். மயிலாப்பூர்ப் பெண்மணிக்கு அக்கட்டுரையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால், அந்த உழைப்புக்கு வேண்டிய நேரத்தையும் இடத்தையும் அவர் உண்டாக்கித் தந்தார்.

ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் முன்வைத்த கருத்து இதை இன்னும் தெளிவாக்குகிறது. துயருற்றவர் மனம் இரு கரைகளுக்கிடையே மாறி மாறிச் சென்றுவருகிறது. ஒரு கரை இழப்பு. நினைப்பதும் அழுவதும் ஏங்குவதும் அங்கே. மறு கரை வாழ்க்கை. புதிய வேலைகளைக் கற்பதும், புதிய பொறுப்புகளை ஏற்பதும், சற்று நேரம் மறந்திருப்பதும் இங்கே. எந்தக் கரையிலும் ஒருவர் நிரந்தரமாகத் தங்கிவிடக் கூடாது. போய்வருவதே நலம் என்கிறார்கள் அவர்கள். சமூகம் கைம்பெண்ணை முதற்கரையிலேயே கட்டிப்போட்டிருந்தது. ஐஸ் ஹவுஸின் பாடவேளைகளும் தேர்வுகளும் தோழியரின் கூட்டமும் மறுகரைக்குப் போகப் படகாயின.

அவரது பணிக்கு வரம்புகளும் இருந்தன. அவற்றை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அந்த இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கானதாகவே இருந்தது. ஆசார நியமங்கள் அங்கே காக்கப்பட்டன. தங்கள் பெண்ணை அனுப்பத் தயங்கிய பெற்றோரின் நம்பிக்கையைப் பெற அது தேவைப்பட்டது என்று ஆதரவாளர்கள் சொல்வதில் உண்மை உண்டு. துயரத்தில் சாதி பார்க்கலாமா என்று விமர்சகர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. அருகிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்காகவும் அவர் பள்ளி நடத்த முனைந்ததும், அவரது பிற்காலக் கல்வி நிறுவனங்கள் இல்லத்தின் எல்லையைத் தாண்டி விரிந்ததும், அந்தக் கேள்வியின் கனத்தை அவர் உணர்ந்திருந்ததையே காட்டுகின்றன.

1920இல் அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் முதல்வரானார். அதே பத்தாண்டில் அவர் உருவாக்கிய சாரதா வித்யாலயா, பின்னர் ராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வளர்ந்து இன்றும் தியாகராய நகரில் இயங்குகிறது. அவரது குடும்பத்திலேயே மாற்றம் எவ்வளவு விரைவாக வந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். அவர் தங்கையின் மகள் லலிதா, அதே மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். அங்கே உடன் பயின்ற, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரை 1936இல் மணந்தார். அக்காளும் தங்கையுமாக இரு கைம்பெண்களைக் கண்டிருக்கக்கூடிய ஒரு வீட்டின் அடுத்த தலைமுறை அது.

துயருற்றவரைத் தேற்றுவதோடு, துயரத்தின் ஊற்றுக்கண்ணையும் அடைக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அரசுப் பணியிலிருந்ததால் அமைப்புகளில் வெளிப்படையாகச் சேர அவருக்குத் தடை இருந்தது. ஆயினும் மாதர் அமைப்புகளின் முயற்சிகளுக்குத் துணைநின்றார். திருமண வயது பற்றி ஆராய்ந்த ஜோஷி குழுவின் முன் சாட்சியமளித்தார். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1930இல் நடைமுறைக்கு வந்தது. குழந்தை மணம் குறைந்தால் குழந்தைக் கைம்பெண்ணும் குறைவாள் என்ற எளிய கணக்கை, அதன் விடையாகவே வாழ்ந்த ஒருவர் சொல்லக் கேட்டபோது குழுவினருக்கு அது வெறும் கணக்காகத் தோன்றியிருக்காது.

ஓய்வுக்குப் பிறகும் அவர் ஓயவில்லை. 1942இல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். இளமையில் படிக்க முடியாமற் போனவர்களுக்குக் காலம் கடந்துவிடவில்லை என்று அப்பள்ளி சொன்னது. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் நியமன உறுப்பினராக இருந்தார். 1954இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பெண்கள், குழந்தைகள் நல மையம் அமையக் காரணமானார். மயிலாப்பூர் வித்யா மந்திர் பள்ளியின் தோற்றத்திலும் அவர் பங்கு பெரிது. 1958இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

அவரது முதுமையில் நடந்த ஒன்று, இந்தக் கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது. இங்கிலாந்திலிருந்து வந்து சென்னையில் தங்கிய எழுத்தாளர் மோனிகா ஃபெல்டன் அவரைச் சந்தித்து, அவரது கதையைப் பொறுமையாகக் கேட்டு, 1966இல் நூலாக்கினார். குழந்தைக் கைம்பெண்ணின் கதை என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. எண்ணற்ற பெண்களின் துக்கத்தை விசாரித்தவரின் துக்கத்தை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, வேற்று நாட்டுப் பெண்ணொருத்தி விசாரித்தாள். 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி நாளன்று சகோதரி சுப்புலட்சுமி மறைந்தார்.

அந்த 1969இல்தான் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் எழுதிய, மரணத்தைப் பற்றிய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகள் அதன் வழியாகவே உலகெங்கும் பரவின. சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் அவர் கண்டவை அவை. அவற்றையே இழந்தவர்களுக்கும் பொருத்தி, ஒவ்வொருவரும் படிப்படியாக ஏறியே தீர வேண்டிய ஏணியாக்கிவிட்டார்கள் பின்வந்தோர். மூன்றாம் மாதத்தில் சினமும் ஆறாம் மாதத்தில் ஏற்பும் வந்தாக வேண்டும் என்று மனித மனத்துக்கு அட்டவணை கிடையாது. ஒருவரின் துயரம் இன்னொருவரின் துயரத்தைப் போல இருப்பதில்லை. ஆகவேதான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

குழந்தைக் கைம்பெண்கள் இன்று நம்மிடையே இல்லை. தலை மழிக்கும் வழக்கமும் போயிற்று. அப்படியானால் அவரது வாழ்வு நமக்கு வரலாறு மட்டும்தானா என்று கேட்கலாம். எங்கள் மேற்குப் புறநகரைப் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியின் பாதுகாப்புத் தொழிற்சாலைகளும் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மனிதர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் இருபுறமும் அடுக்ககங்கள் எழுந்த வண்ணம் உள்ளன. கணவன், மனைவி, இரு பிள்ளைகள், வாடகை வீடு என்பதே பெரும்பாலோரின் குடும்பம். சாலை விபத்திலோ மாரடைப்பிலோ ஒருவர் போய்விட்டால், உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுசெல்கிறார்கள். கருமாதி முடியும்வரை உறவினர் சூழ இருக்கிறார்கள். பிறகு பிள்ளைகளின் பள்ளிக்காக அந்தப் பெண் இங்கே திரும்புகிறாள். கதவைத் திறந்து உள்ளே நுழையும் அந்த மாலையில்தான் துயரம் உண்மையில் தொடங்குகிறது. அப்போது விசாரிக்க ஒருவரும் இல்லை. கைப்பேசியில் வந்த இரங்கல் செய்திகளும் பதினாறாம் நாளோடு நின்றுவிட்டிருக்கும்.

அவள் இழந்தது எது? கணவனை என்பது முதல் விடை. வீட்டு வாடகையை, பள்ளிக் கட்டணத்தை, இரவில் கதவைத் தாழிடும் துணிச்சலை, பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு வரும் அழைப்பை என்று பட்டியல் நீளும். தாலியும் பூவும் இல்லாத பெண்ணை வரவேற்பறையின் ஓரத்துக்கு நகர்த்தும் வழக்கம் அடுக்ககங்களின் மின்தூக்கியிலும் ஏறி வந்திருக்கிறது. மனைவியை இழந்த ஆணின் பட்டியல் வேறு. அழக்கூடாதென்று வளர்க்கப்பட்டவன் அவன். சமையலறையில் எது எங்கே இருக்கிறதென்று அறியாதவனாகவும் இருக்கலாம். மகனை இழந்த முதிய பெற்றோரின் பட்டியல் இன்னும் வேறு. ஒவ்வொருவரிடமும் கேட்டால்தான் தெரியும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆதரவற்ற கைம்பெண்களுக்கு மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம் உண்டு. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் குடும்ப ஓய்வூதியம் உண்டு. கருணை அடிப்படையிலான பணி நியமனம் உண்டு. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி-மானஸ் மனநலச் சேவை இயங்குகிறது; தற்கொலை எண்ணம் தலைதூக்குவோருக்குச் சென்னையின் சிநேகா அமைப்பு 1986 முதல் செவிகொடுத்து வருகிறது. ஆனால், இவை தனித்தனிக் கதவுகள். வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகம், ஓய்வூதியத்துக்கு வேறு அலுவலகம், மனத்துக்கு மருத்துவமனை. மனம் உடைந்து நிற்கும் ஒருவர்தான் இத்தனை படிகளிலும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு படிவத்திலும் இறப்பின் நாளையும் காரணத்தையும் மீண்டும் மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது.

துயருற்ற அனைவருக்கும் மனநல மருத்துவர் தேவை என்பதும் என் கருத்தன்று. உற்றாரின் துணையோடும் காலத்தின் துணையோடும் பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, நீடித்த துயரக் கோளாறு என்ற ஒன்றை இப்போது தனியாக ஏற்றிருக்கிறது. ஆறு மாதங்களுக்கு மேலாகியும், அவரவர் பண்பாடு இயல்பென்று கருதும் அளவையும் கடந்து, தாளமுடியாத ஏக்கம் அன்றாட வாழ்வை முடக்கிப்போட்டிருந்தால் அது சிகிச்சைக்குரியது. இறந்தவரோடு போய்விட வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு வேண்டியது, கேட்கத் தெரிந்த ஒருவர்.

அந்த ஒருவரை எங்கே தேடுவது? சுப்புலட்சுமியின் வாழ்வு தரும் விடை, நம் தெருவிலேயே என்பது. ஐந்தாண்டுகளுக்கு முன் கணவரை இழந்து, இன்று தையல் நிலையத்திலோ தொழிற்சாலையிலோ பள்ளியிலோ பணியாற்றும் பெண்கள் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. அடுக்ககச் சங்கங்கள் இருக்கின்றன. இத்தகைய பெண்களில் விருப்பமுள்ளோருக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே சில வாரங்கள் பயிற்சி அளிக்கலாம். எப்படிக் கேட்பது, எப்போது மருத்துவரிடம் அனுப்புவது, எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்பவற்றை அவர்கள் கற்கட்டும். இறப்பைப் பதிவு செய்யும் உள்ளாட்சி அலுவலகமே, குடும்பத்தின் சம்மதத்தோடு, அவர்களில் ஒருவருக்குத் தகவல் தரட்டும். பதினாறாம் நாள் முடிந்து அந்தப் பெண் வீடு திரும்பிய வாரத்தில் ஒரு முறை, பின்னர் மாதம் ஒரு முறை, முதலாண்டு நினைவு நாளன்று ஒரு முறை அவர் சென்று வரட்டும். அதற்கு உரிய மதிப்பூதியமும் அவருக்குத் தரப்பட வேண்டும். அன்பினால் செய்யும் வேலை என்பதற்காகவே பெண்களின் உழைப்பை இலவசமாகப் பெற்றுக்கொள்ளும் பழக்கத்தை இதிலாவது தவிர்க்கலாம்.

நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியவையும் உண்டு. துக்க வீட்டில் இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்க வேண்டாம். அவரைப் பற்றிப் பேசக் கிடைத்த வாய்ப்பைத் துயருற்றோர் பெரும்பாலும் வரவேற்கவே செய்வார்கள். விதி என்றும், கடவுள் சித்தம் என்றும் அவசரமாக விளக்கம் தர வேண்டாம். பிள்ளைகளுக்காக அழாமலிரு என்று அறிவுரை கூற வேண்டாம். தாய் அழுவதைப் பார்க்கும் குழந்தை, தானும் அழலாம் என்று கற்றுக்கொள்கிறது. ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்று பொதுவாகச் சொல்லி விடைபெறுவதைவிட, வியாழக்கிழமை வங்கிக்கு உடன் வருகிறேன் என்பது பெரிய உதவி. அடுத்த திருமணத்துக்கோ சீமந்தத்துக்கோ அந்தப் பெண்ணையும் அழைத்து, முன்வரிசையில் உட்கார வைப்பது அதைவிடப் பெரியது.

ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக, பயணிகள் வந்து பார்க்கும் இடமாக இருக்கிறது. அந்த மாடங்களில் ஒரு காலத்தில் பாடம் படித்துக்கொண்டிருந்த இளம் கைம்பெண்களில் பலர், மாகாணத்துப் பள்ளிகளுக்கு ஆசிரியைகளாகப் போனார்கள். அவர்களிடம் படித்த பெண்களின் பேத்திகள் இன்று நம்மிடையே இருக்கக்கூடும். துயரத்திலிருந்து மீண்ட ஒருவர் இன்னொருவரை மீட்பதற்கு நூறாண்டுகளுக்கு முன் ஒரு மாளிகையும் அரசாணையும் வேண்டியிருந்தன. இன்று ஒரு தெருவும், அதில் விசாரிக்கத் தெரிந்த ஒரு வீடும் போதும்.